அக்காவுக்காக ஒருசந்தி

ஒரு மனிதர் தன் அக்காவுக்குக் கிட்னி கொடுக்க என்னென்ன வேண்டும்? நல்ல கிட்னி ஒன்று, கையெழுத்து ஒன்று, கொஞ்சம் தைரியம். மூன்றும் இருந்தும் இது போதாது என்று நினைத்தார் பல்செட்டுக்காரர். அந்த நினைப்பு அவரை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதுதான் கதை. அவரைத் திட்டாமல் இதைச் சொல்வது கஷ்டம்.

பல் ஆஸ்பத்திரிக்குப் பின்னால், இரண்டாவது மாடியில், ஜன்னல் ஓரமாக அவருடைய மேஜை. ஒரு பக்கம் மெழுகு, ஒரு பக்கம் சுண்ணாம்புப் பொடி, நடுவில் ஒரு சின்ன காஸ் அடுப்பு. யார் யாருடைய வாயோ அச்சாக அவர் முன்னால் பல்லில்லாமல் திறந்து கிடக்கும். இருபது வருஷமாக ஊரே மெல்லுவதற்குப் பல் செய்து கொடுத்த கை அது. அப்படிப்பட்டவர் தான் மெல்லுவதை நிறுத்திக்கொண்டார் என்றால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும். அவர் மனைவிக்கு மட்டும் வரவில்லை.

அக்கா அவரைவிட ஏழு வயது மூத்தவள். ரயில்வே ஸ்டேஷனில் டிக்கெட் கவுன்டரில் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்தவள். கண்ணாடிக்குப் பின்னாலிருந்து வரிசையையே மிரட்டிப் பழகிய குரல். கணவர் போய் எட்டு வருஷம், பிள்ளை குட்டி கிடையாது. இரண்டு கிட்னியும் கைவிட்டு இரண்டு வருஷமாகிறது. செவ்வாய், வியாழன், சனி, மத்தியானம் இரண்டிலிருந்து ஆறு வரை டயாலிசிஸ். ரத்தம் எடுக்கக் கையில் போட்ட வழி இரண்டு தடவை அடைத்துவிட்டது. இப்போது கழுத்தில் ஒரு குழாய். அதிலும் ஒரு தடவை சீழ் பிடித்து, பிழைத்ததே பெரிய பாடு. இந்தக் குழாயை நம்பி ரொம்ப நாள் ஓட்ட முடியாது என்று டாக்டரம்மா ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

தம்பியின் கிட்னி பொருந்துகிறது என்று தெரிந்த அன்று அக்கா சொன்னாள்: "சின்ன வயசுல என் தட்டுல இருந்ததை எல்லாம் பிடுங்கித் தின்னவன் நீ. போகட்டும், இப்பவாவது ஒண்ணைத் திருப்பிக் குடுக்கணும்னு தோணிச்சே."

சொல்லிவிட்டு அழுதாள். டிக்கெட் கவுன்டர் அழுது அவர் பார்த்ததில்லை.

ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். உயிர்ப்புப் பெருவிழா, அதாவது ஈஸ்டர், முடிந்து இரண்டாவது செவ்வாய். நடுவில் தவக்காலம், நாற்பது நாள். அங்கேதான் வினை ஆரம்பித்தது.

கிட்னி என்ன, பிறக்கும்போதே இரண்டாக வந்தது. அதில் ஒன்றை எடுத்துக் கொடுப்பதில் தன்னுடைய கஷ்டம் என்ன இருக்கிறது? டாக்டர் மயக்க மருந்து கொடுப்பார், விழித்தால் முடிந்துவிடும். வலிக்காமல் கொடுப்பதை ஆண்டவர் எப்படிக் காணிக்கை என்று எடுத்துக்கொள்வார்? இப்படிப் போனது அவர் புத்தி. இதற்கு ஒரு பழைய காரணமும் இருந்தது, அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. எட்டு வருஷத்துக்கு முன்னால் அத்தான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவர் ஒன்பது நாள் நவநாள் சொல்லத் தொடங்கினார். ஏழாம் நாள் வேலை நெருக்கடியில் அடியோடு மறந்துபோனது. பத்தாம் நாள் அத்தான் போய்விட்டார். அன்றிலிருந்து எதையும் எண்ணி எண்ணிச் செய்யும் பழக்கம் அவரைப் பிடித்துக்கொண்டது. செபமாலையில் ஒரு மணி கை நழுவினாலும் முதலிலிருந்து தொடங்குவார்.

ஒருசந்தி என்றால் ஒரு வேளை முழுச் சாப்பாடு, மற்ற வேளைகளில் கொஞ்சமாக. திருச்சபை அதையும் கட்டாயமாகக் கேட்பது வருஷத்தில் இரண்டே நாள்தான், சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும். பல்செட்டுக்காரர் நாற்பது நாளும் இருப்பது என்று முடிவு செய்தார். முழுச் சாப்பாடும் வேண்டாம், சாயங்காலம் இரண்டு துண்டு பழைய ரொட்டி போதும். அதுவரை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக் கூடாது. அக்கா மெஷினில் படுத்திருக்கும் அந்த நாலு மணி நேரமும் தான் கோயிலில் நற்கருணைப் பேழைக்கு முன்னால் முழந்தாளில் இருக்க வேண்டும். மெத்தை வைத்த பலகையில் அல்ல, வெறும் தரையில். இதற்காகவே வேலை நேரத்தைக் காலை ஆறிலிருந்து ஒன்றரை என்று மாற்றி வாங்கிக்கொண்டார்.

இரண்டாவது வாரத்திலேயே முழங்கால் வீங்கிவிட்டது. மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கினார். முதலில் ஒன்று, பிறகு காலையில் இரண்டு, கோயிலுக்குப் போகுமுன் இரண்டு. மாத்திரையைத் தண்ணீர் இல்லாமலே விழுங்கப் பழகிக்கொண்டார். தண்ணீர் குடித்தால் ஒருசந்தி முறிந்துவிடுமே.

மனைவிக்கு வேலை ஒரு பேக்கரியில். சாயங்காலம் வரும்போது பையில் ஏதாவது சூடாக இருக்கும். அவர் அதைத் தொடாமல் முந்தாநாள் ரொட்டியைத் தேடுவார்.

"நாள் முழுக்க ஊருக்கே எடுத்து எடுத்துக் குடுக்கறேன்," என்பாள் அவள். "வீட்ல ஒரே ஒரு ஆளைச் சாப்பிட வைக்க முடியல. ஆபரேஷனுக்குப் போற உடம்புங்க இது."

"உடம்பை ஆண்டவர் பார்த்துப்பார்."

"அவர் பார்க்கறதுக்கு நீங்க கொஞ்சமாவது மிச்சம் வைக்கணும்ல?"

அவர் இதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போதாததற்குப் பங்குச் சாமியார் வேறு மூன்றாம் ஞாயிறு பிரசங்கத்தில், பேர் சொல்லாமல், வாரத்தில் மூன்று நாள் வேலை முடிந்து வந்து வெறும் தரையில் முழந்தாளிடும் ஒரு மனிதரைப் பற்றிப் பேசினார். நாமெல்லாம் அவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பல்செட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். உள்ளே ஒரு சூடு பரவியது. அது தாழ்ச்சியா பெருமையா என்று அவர் அப்போது கேட்டுக்கொள்ளவில்லை.

அந்த வாரம் அக்கா போன் செய்தாள்.

"ஒரு நாள் வந்து உட்காருடா எங்கூட. இங்க டிவி ரிப்பேர். பக்கத்துப் படுக்கை ஆள் குறட்டை விடறார். நாலு மணி நேரம் கூரையையே பார்த்துட்டுக் கிடக்கறேன்."

"அக்கா, அந்த நேரம் உனக்காகத்தான் நான் ஆண்டவர் முன்னால இருக்கேன்."

"அவருக்குத் துணைக்கு ஆயிரம் பேர் இருக்காங்க. எனக்கு யாரு?"

"இன்னும் அஞ்சு வாரந்தான்க்கா. அப்புறம் உனக்கு மெஷினே வேண்டாம்."

"சரி, வை," என்றாள் அக்கா.

ஐந்தாம் வாரம் கடைசிப் பரிசோதனை. வெறும் சம்பிரதாயம்தான் என்று சொல்லியிருந்தார்கள். டாக்டரம்மா தாளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மறுபடியும் தாளைப் பார்த்தார். கிட்னி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியேட்டினின் இருக்க வேண்டியதைப்போல இரண்டு மடங்கு. எடை ஒன்பது கிலோ குறைவு. சிறுநீரில் புரதம்.

"உங்களுக்கு என்ன ஆச்சு? போன தடவை பிரமாதமா இருந்ததே. சாப்பாடு எல்லாம் எப்படி?"

"சாதாரணந்தான்."

"தண்ணி நல்லாக் குடிக்கறீங்களா?"

"ம்."

"ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா? வலிக்கு, காய்ச்சலுக்கு?"

"இல்லைங்க."

எதற்காகப் பொய் சொன்னார்? பயத்தால் அல்ல. நோன்பு இருப்பதை ஊருக்குக் காட்டிக்கொள்ளக் கூடாது, முகத்தைக் கழுவிக்கொண்டு ஒன்றும் தெரியாததுபோல இருக்க வேண்டும் என்று சின்ன வயதில் ஞானோபதேச வகுப்பில் படித்திருந்தார். டாக்டரிடம் சொன்னால் தற்பெருமை ஆகிவிடுமே என்று மறைத்தார். சாமியார் கோயில் நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு சொன்னது பரவாயில்லை, டாக்டரிடம் சொல்வதுதான் பெருமையாம். மனிதனுக்குப் பக்தி தலைக்கேறினால் புத்தி எந்த வழியாக வெளியே போகும் என்று யாருக்கும் தெரியாது.

ஆபரேஷனைத் தள்ளி வைத்துவிட்டார்கள். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தார். அக்காவின் கழுத்துக் குழாய் கண் முன்னால் வந்து நின்றது. எங்கே குறை வைத்தோம், எங்கே குறை வைத்தோம் என்று மனம் அடித்துக்கொண்டது. கடைசியில் ஒரு பதில் கிடைத்தது: ஆண்டவருக்கு இது போதவில்லை. அன்று சாயங்காலம் அந்த இரண்டு துண்டு ரொட்டியையும் விட்டுவிட்டார்.

மூன்றாம் நாள் மனைவி அவருடைய வேலைக் கோட்டைத் துவைக்க எடுத்தாள். பாக்கெட்டில் காலி மாத்திரை அட்டைகள். இரண்டா மூன்றா? பதினொன்று. அவள் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அட்டைகளை ஒரு பேக்கரிப் பையில் போட்டுக்கொண்டு நேரே டாக்டரம்மாவிடம் போனாள். மறுநாள் இருவரையும் உட்கார வைத்து டாக்டரம்மா பேசினார். அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தாங்கியிருக்கலாம்.

"தண்ணி இல்லாத உடம்புல இந்த மாத்திரை விஷம். நேரா கிட்னியைத்தான் போய் அடிக்கும். உங்க அக்காவுக்குக் குடுக்க வேண்டிய பொருளை நீங்களே உட்கார்ந்து கெடுத்திருக்கீங்க. ஒரு மாசமா."

"திரும்ப வராதா டாக்டர்?"

"வரலாம். ஆறு வாரம் தரேன். ஒரு நாளைக்கு மூணு லிட்டர் தண்ணி. மூணு வேளை சாப்பாடு. ஒரு மாத்திரை தொடக் கூடாது. அப்புறம் பார்ப்போம். அதுவரைக்கும் அவங்க கழுத்துக் குழாய் தாங்கணும்னு வேண்டிக்குங்க. வேணும்னா உட்கார்ந்து வேண்டிக்குங்க."

செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்ல, அவர் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். சாமியார் அவரைவிடப் பத்து வயது இளையவர். இரண்டு கோயிலைக் கட்டி மேய்ப்பவர், எப்போதும் ஸ்கூட்டர் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுபவர். அன்று ஹெல்மெட்டைக் கீழே வைத்துவிட்டு முழுசாகக் கேட்டார். எட்டு வருஷத்துக்கு முந்திய ஏழாம் நாளையும் கேட்டார்.

"ஆண்டவர் என்ன, கையில ரிஜிஸ்டர் வச்சுக்கிட்டு ஆஜர் எடுக்கறவரா?" என்றார்.

"அப்படின்னா அத்தான் ஏன் சாமி செத்தார்?"

"தெரியாது," என்றார் சாமியார்.

இதுதான் பல்செட்டுக்காரரைக் கொன்றது. தன் தப்பால் அத்தான் செத்தார் என்றால்கூடத் தாங்கிக்கொள்ளலாம், அதற்குப் பரிகாரம் செய்யலாம். காரணம் தெரியாமலே செத்தார் என்றால் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பது?

"பரிகாரம் சொல்லுங்க சாமி."

"மூணு வேளை சாப்பாடு. டாக்டர் சொன்ன தண்ணி. கோயில்ல உட்கார்ந்துதான் செபம், அதுவும் அரை மணி நேரம்."

"இது தண்டனையே இல்லையே."

"அப்படின்னா சுலபமாச் செஞ்சுடுவீங்க."

"பெரிய வெள்ளி?" என்றார் பல்செட்டுக்காரர்.

"அன்னைக்கும்தான். நோயாளிக்கு ஒருசந்தி கிடையாது."

"நான் நோயாளி இல்லையே சாமி."

"இப்ப நோயாளிதான். நீங்களே ஆக்கிக்கிட்டீங்க." சாமியாரின் குரல் இறங்கியது. "என் தப்பும் இதுல இருக்கு. பிரசங்கத்துல உங்களைத் தூக்கி வச்சுப் பேசினேன். பேசறதுக்கு முன்னாடி உங்க முகத்தை ஒரு தடவை பார்த்திருக்கணும். பார்க்கல."

சாப்பிடுவது இவ்வளவு கஷ்டம் என்று பல்செட்டுக்காரர் நினைத்ததே இல்லை. முதல் நாள் மனைவி வைத்த முட்டை தொண்டையில் நின்றது. அக்கா அங்கே தண்ணீரைக்கூட அளந்து குடிக்கிறாள், ஒரு நாளைக்கு மூன்று டம்ளருக்கு மேல் கூடாது. இங்கே தான் மூன்று லிட்டர் குடிக்க வேண்டும். ஒவ்வொரு வாயும் அவளிடமிருந்து திருடிக் குடிப்பதுபோல இருந்தது. எழுந்துபோய் வாந்தி எடுத்தார். மனைவி தரையைத் துடைத்துவிட்டு இன்னொரு முட்டையை வேகப் போட்டாள். அதையும் கொண்டுவந்து வைத்தாள். எதிரில் உட்கார்ந்து, அவர் மென்று விழுங்கும்வரை எழுந்திருக்கவில்லை.

பத்து நாள் இப்படி ஓடியது. வயிறு கொஞ்சம் கொஞ்சமாக வழிக்கு வந்தது, முகத்தில் ரத்தம் தெரிந்தது. நடுவில் எடுத்த பரிசோதனையில் கிரியேட்டினின் இறங்கியிருந்தது. இப்படியே போங்கள் என்றார் டாக்டரம்மா. மனைவி அன்று ஆஸ்பத்திரி வாசலிலேயே அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பெரிய வெள்ளி வந்தது.

அன்று மனைவிக்குக் காலை வேலை. மேஜையில் ரொட்டி, முட்டை, பால், தண்ணீர் பாட்டில் எல்லாம் வைத்து மூடிவிட்டுப் போனாள். பல்செட்டுக்காரர் எதிரில் உட்கார்ந்தார். சுவரில் பாடுபட்ட சுரூபம், சிலுவையில் தொங்கும் ஆண்டவர். பெரிய வெள்ளியன்று அதற்கு எதிரில் உட்கார்ந்து முட்டையை உரிப்பதா? கை வரவில்லை. ஒரே ஒரு நாள்தானே என்றது மனம். டாக்டர் சொன்னதும் சாமியார் சொன்னதும் மற்ற நாளுக்கு. இந்த ஒரு நாளை எடுத்துவிட்டால் தான் என்ன கிறிஸ்தவன்? ரொட்டியையும் முட்டையையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார், மனைவி வந்து பார்த்தால் தட்டு காலியாக இருக்க வேண்டுமே. பாலைத் தொட்டியில் கொட்டினார். தண்ணீர் பாட்டிலையும் கொட்டினார்.

மூன்று மணி வழிபாட்டில் வெறும் தரையில் முழந்தாளிட்டார். அதற்குமுன் வேலை செய்யும் இடத்துக்குப் போய், மெழுகுப் பெட்டிக்கு அடியில் மிச்சமிருந்த அட்டையிலிருந்து நான்கு மாத்திரை விழுங்கியிருந்தார். வழிபாடு முடிந்தும் எழுந்திருக்கவில்லை. ஆட்கள் போய், விளக்கை அணைத்து, கதவைச் சாத்த வந்தபோதுதான் எழுந்தார்.

விழுந்தாரா, மயங்கினாரா? இல்லை. அதுதான் கொடுமை. அந்தத் தவக்காலத்திலேயே அவர் மிகவும் சந்தோஷமாக இருந்த நாள் அதுதான். உடம்பு காற்றுமாதிரி இருந்தது. ஆண்டவர் ஏற்றுக்கொண்டார் என்று அவருக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது. வீட்டுக்கு வந்து, "சாப்பிட்டீங்களா?" என்று மனைவி கேட்டதற்கு, "ஆச்சு," என்று சிரித்தார். மறுநாள் சிறுநீர் கொஞ்சம்தான் போனது, தேநீர் நிறத்தில். யாரிடமும் சொல்லாமல் தண்ணீரைக் குடித்துக் குடித்து மறைத்தார்.

ஆறு வாரம் முடிந்து டாக்டரம்மா கூப்பிட்டார். மேஜையில் இரண்டு தாள்கள், நடுவில் எடுத்தது ஒன்று, இப்போது எடுத்தது ஒன்று.

"இது இறங்கிக்கிட்டே வந்துது. அப்புறம் ஏறியிருக்கு. நடுவுல என்ன பண்ணினீங்க?"

மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தாள். இந்தத் தடவை அவர் மறைக்கவில்லை.

"பெரிய வெள்ளி. ஒரே ஒரு நாள்தான் டாக்டர்."

"உங்க கிட்னிக்கு நாள் கிழமை தெரியாதுங்க." டாக்டரம்மா தாள்களை அடுக்கி உறையில் வைத்தார். "சிறுநீர்ல புரதம் போறது நிக்கல. இனி நிக்கும்னும் தோணல. நீங்க வாழறதுக்கு இது போதும். குடுக்கறதுக்குப் போதாது. உங்க பேரை எடுத்துட்டோம்."

மனைவி அறையிலேயே அழவில்லை. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். "நான் எதிர்ல உட்கார்ந்திருக்கணும்," என்று மட்டும் சொன்னாள். "அன்னைக்கு லீவு போட்டுட்டு எதிர்லயே உட்கார்ந்திருக்கணும்."

வீட்டுக்கு வந்ததும் பல்செட்டுக்காரர் நாற்காலி போட்டு ஏறிப் பாடுபட்ட சுரூபத்தைக் கழற்றினார். செபமாலை, செபப் புத்தகம், எல்லாவற்றையும் ஒரு அட்டைப் பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகவில்லை. சாமியார் ஹெல்மெட்டோடு வாசலில் வந்து நின்றபோது உள்ளே படுத்துக்கொண்டு இல்லை என்று சொல்லச் சொன்னார். கண்டதையும் தின்றார், பசிக்காமலே தின்றார். அக்காவிடம் மட்டும் போகவில்லை. டாக்டரே சொல்லட்டும் என்று விட்டுவிட்டார். மனைவிதான் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

இரண்டு வாரம் கழித்து அக்கா போன் செய்தாள்.

"செவ்வாய்க்கிழமை மெஷின்ல இருப்பேன். உனக்குத்தான் இப்ப கோயில் வேலை கிடையாதாமே. வா."

டயாலிசிஸ் அறைக்குள் அன்றுதான் அவர் முதன்முதலாகக் கால் வைத்தார். நீளமான அறை. ஒன்பது படுக்கை, ஒன்பது மெஷின். மூலையில் ஒரு டிவி இருட்டாகத் தொங்கியது. அக்கா ஜன்னலுக்கு அருகில் இருந்தாள். இரண்டு போர்வை போர்த்தியும் நடுங்கினாள். கழுத்திலிருந்து இரண்டு குழாய், ஒன்றில் ரத்தம் போகிறது, ஒன்றில் வருகிறது. மெஷினில் ஒரு சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. அக்கா இவ்வளவு சின்ன உருவம் என்று அவருக்குத் தெரியாது. உடம்பு ரத்தம் முழுக்க வெளியே போய் வந்துகொண்டிருக்கும்போது அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

"அக்கா, என்னை மன்னிச்சுடு."

"மன்னிப்பும் நான்தான் குடுக்கணுமா?" என்றாள். "எங்கிட்ட இருக்கறதே கொஞ்சம்."

அவர் நின்றார். உட்காரு என்று அவள் சொல்லவில்லை.

"எல்லாம் உனக்காகத்தான்க்கா பண்ணினேன்."

"எனக்காகவா? நான் என்னடா கேட்டேன்? வந்து உட்காருன்னு கேட்டேன். வந்தியா?" குரலில் பழைய கவுன்டர் இல்லை, மூச்சுத்தான் இருந்தது. "அன்னைக்குக் கடவுளே கதின்னு தரையில கிடந்தே. இன்னைக்குக் கடவுளே வேண்டாம்னு கட்டிலுக்கு அடியில தள்ளிட்டியாம். ரெண்டுலயும் நான் எங்கடா இருக்கேன்?"

பக்கத்துப் படுக்கையில் குறட்டை ஏறி இறங்கியது.

"எனக்குச் சாக பயமா இருக்கு," என்றாள் அக்கா. "நீ குடுக்கறேன்னு சொன்னதும் பயம் போச்சு. இப்ப திரும்பி வந்துடுச்சு. தனியாப் படுத்துக்கிட்டு இதை யாருகிட்டடா சொல்றது?"

உனக்காக வேண்டிக்கொள்கிறேன் என்று சொல்ல வாய் வந்தது, சொல்ல வெட்கமாக இருந்தது. அதற்குள் அவள் முகம் கோணியது. வலது கால் விறைத்து, விரல்கள் தனித்தனியே இழுத்துக்கொண்டன. மெஷினில் படுத்திருப்பவர்களுக்கு அடிக்கடி வருகிற இழுப்புத்தான் அது. அவருக்குத் தெரியாது, பதறிப்போனார்.

"பாதத்தைப் பிடி. மேல தள்ளு. அப்படியே பிடிச்சுக்கோ."

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து இரண்டு கையாலும் பிடித்தார். பாதம் சில்லென்று இருந்தது. ரொம்ப நேரம் கழித்துத்தான் விறைப்பு விட்டது. அவர் கையை எடுக்கவில்லை.

"ஒரு அருள்நிறை மரியே சொல்லு," என்றாள் அக்கா கண்ணை மூடிக்கொண்டு.

"எனக்கு வராதுக்கா. இப்ப எனக்கு..."

"ஒண்ணு போதும். செபமாலை அம்பத்து மூணும் வேண்டாம்."

அவர் சொன்னார். நடுவில் ஒரு இடத்தில் குரல் உடைந்து, வார்த்தை விட்டுப்போனது. முதலிலிருந்து தொடங்க வாயெடுத்தார். அக்கா தலையை அசைத்து, விட்ட இடத்திலிருந்து மீதியைத் தானே சொல்லி முடித்தாள்.

ஆறு மணிக்கு நர்ஸ் வந்தாள், புதுப் பெண். குழாயைக் கழற்றிக் கட்டுப் போட்டுக்கொண்டே அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"நீங்கதான் கிட்னி குடுக்கப் போற தம்பியா? அம்மா எப்பவும் உங்களைப் பத்தியே பேசுவாங்க."

அக்கா ஜன்னல் பக்கம் பார்த்தாள். சொல்ல வேண்டியவர் அவர்தான்.

"இல்லைங்க," என்றார். "குடுக்க முடியாமப் போச்சு. நான்தான் கெடுத்துட்டேன்."

நர்ஸ் கட்டை இன்னொரு தடவை சரிபார்த்துவிட்டுப் போனாள். அக்கா எழுந்து உட்காரக் கையை நீட்டினாள். அவர் பிடித்து நிமிர்த்தினார். தலை சுற்றுகிறதென்று கொஞ்ச நேரம் அவர் தோளில் சாய்ந்திருந்தாள். பிறகு செருப்பைக் காலால் தேடிக்கொண்டே சொன்னாள்:

"வியாழக்கிழமை ரெண்டு மணி. சாப்பிட்டுட்டு வா."